கற்பகம் மன்னியும் காட்டுப்பூ மனையும்

என் மன்னி கற்பகத்தைப் பற்றி யாராவது எழுதத்தான் வேண்டும். அவளே எழுதமாட்டாள், அவளுக்குப் பேசவே நேரம் போதவில்லை. அவள் கணவன், அதாவது என் அண்ணா சிவராமகிருஷ்ணன், எழுதமாட்டான். அவனுக்குப் பேசவே வராது. மிச்சம் இருப்பது அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நான்தான். என் பெயர் நீலாம்பாள். பள்ளுருத்தியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவள். எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுக்கு யார் வந்தாலும், "சமையல் கீழே, கோபம் மேலே" என்று சொல்லித்தான் மன்னி அறிமுகம் செய்து வைப்பாள். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரும். வந்தவர்கள் மேலே பார்த்துச் சிரிப்பார்கள்.

புனேயில் வேலை பார்க்கும் அவள் மகள் ஸாதனாவிடம் இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, "அத்தை, மலையாளத்துல எழுதிடுங்கோளேன், வேகமா படிச்சுடுவேன்" என்றாள். தமிழை அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அம்மாவின் கதையை மகள் மெதுவாகப் படிக்கட்டும் என்று தமிழிலேயே எழுதுகிறேன்.

மன்னி பாலக்காட்டு நூறணியில் பிறந்தவள். என்னைவிட ஒரு வயது சின்னவள், அதனால் மன்னி என்று கூப்பிட்டாலும் எங்களுக்குள் நீ, நான்தான். கலியாணமாகி வந்த மறு வருஷமே கலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஓய்வு பெறும்வரை அதே மேஜை, அதே பஸ். கண்ணில் புரை விழுந்து வருகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாததை எல்லாம் இவளிடம் சொல்வார்கள். யார் பெண்ணுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், யார் வீட்டில் சொத்துத் தகராறு, எல்லாம் இவளுக்குத் தெரியும். ஒரு தடவை கலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஒருவர் விசில் கொடுக்காமல் இவளுக்காக வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். அவர் அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் இவள்தான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு குறை. அது சமையலறை ஜன்னல்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சுக்குக் கிடங்கு இருந்தது. அதன் சுவர் சமையலறை ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில். நட்ட நடுப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் மன்னி அடுப்படியில் நிற்பாள். வேலைக்குப் போன காலத்தில் விடிவதற்கு முன் சமைத்துவிட்டு ஓடியதால் அது பெரிதாக உறைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் பகல் முழுவதும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டி வந்தது. "ஆஸ்பத்திரியிலே கண் தெரியாதவாளோட இருந்தேன். இப்போ கண் தெரிஞ்சும் ஒண்ணும் தெரியலே" என்பாள்.

ஒரு வருஷம் மழையில் அந்தக் கிடங்கின் கூரை சரிந்தது. ஆபத்து என்று மிச்சத்தையும் இடித்துத் தள்ளினார்கள். கடைசிச் சுவர் விழுந்து தூசி அடங்கினதும் மன்னி என்னைக் கீழேயிருந்து கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் சமையலறை முழுக்க வெயில். மேடையில், பாத்திரங்களில், அவள் முகத்தில் எல்லாம் வெயில். இத்தனை வருஷமாகத் தேய்த்தும் போகாமல் இருந்த கறைகள் அத்தனையும் பளிச்சென்று தெரிந்தன. அதைப் பார்த்து வெட்கப்பட வேண்டியவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சேனை நறுக்க ஆரம்பித்தாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் சேனை நறுக்கி நான் பார்த்ததில்லை.

அந்தச் சந்தோஷம் மனைக்குச் சொந்தக்காரனான ராமபத்ரன் வரும்வரைதான். அவன் எங்களுக்குத் தூரத்து உறவு, அண்ணாவோடு ஒரே பெஞ்சில் படித்தவன், இப்போது கலூரில் ஃபிளாட்டில் இருக்கிறான். மட்டாஞ்சேரிக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் கார் நிறுத்த இடமில்லாமல் அலைகிறார்களே, அதனால் இங்கே தரைக்கு டைல்ஸ் போட்டு, மேலேயும் பக்கத்திலும் தகரம் அடித்து, கார் நிறுத்தும் இடமாக்கப் போவதாகச் சொன்னான். தகரம் எங்கே வரும் என்று மன்னி கேட்டாள். அவன் ஜன்னலுக்கு வெளியே ஒரு கை தூரத்தைக் காட்டினான்.

மன்னிக்குக் கேட்பதில் கூச்சம் கிடையாது. "கேட்டா குடுக்கப் போறா, இல்லேன்னா இல்லேங்கப் போறா, அவ்வளவுதானே" என்பது அவள் கொள்கை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் ஊறுகாய்ப் பக்குவம் கேட்பாள். அண்ணாவோ நேர் எதிர். பஸ்ஸில் கதவை மறைத்து நிற்பவரிடம் வழி விடுங்கள் என்று கேட்க மனமில்லாமல், தோப்பும்படி வரை போய் இறங்கி நடந்து வந்த மனுஷன். ராமபத்ரனிடம் மன்னி பேசத் தொடங்கியதும் அண்ணா பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"ராமு அண்ணா, ஒரு காரியம் கேக்கட்டுமா? இந்த எடத்தை எனக்கு விட்டுக் குடுங்கோ. நான் பூ வளக்கறேன்."

"பூவா? செங்கல்லும் சுண்ணாம்புமா கெடக்கு. என்ன வரும் இதிலே?"

"வரதெல்லாம் வரட்டும். நீங்கோ சம்மதிச்சா மதி, வேறே ஒண்ணும் வேண்டாம்."

ராமபத்ரன் வியாபாரி, ஆனால் கெட்டவன் இல்லை. மன்னியின் அடைக்கு அடிமை. இரண்டு அடை சாப்பிட்டுவிட்டுச் சொன்னான்: "சரி, ஒரு மழைக்காலம் தரேன். அத்தத்தன்னிக்கு வந்து பாப்பேன். பூந்தோட்டம்னு நாலு பேர் சொல்ற மாதிரி நெறைஞ்சிருந்தா, நான் தொடலே. இல்லேன்னா ஓணம் கழிஞ்சதும் பணி தொடங்கிடுவேன். அப்பறம் ஒண்ணும் சொல்லப்படாது."

அத்தம் என்றால் ஓணத்துக்கு முன்னால், வாசலில் பூக்களம் போடத் தொடங்கும் நாள். அன்றைக்குப் பூ இருந்தால் வெளிச்சம் இருக்கும், இல்லாவிட்டால் தகரம். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு பேச்சு என்று ஒன்று இருந்தால் அது இதைப் பற்றித்தான்.

விதை கலூர் ஸ்டேடியம் மைதானத்துக் கண்காட்சியில் கிடைத்தது. திருச்சூர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து, நம் நாட்டு மழைக்கும் மண்ணுக்கும் பழகின காட்டுப்பூக்களின் விதைகளைக் கலந்து சின்னக் காகிதப் பொதிகளாக விற்றுக்கொண்டிருந்தார்கள். தும்பை, முக்குற்றி, விஷ்ணுகிராந்தி, கிலுகிலுப்பை, காசித்தும்பை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வழியோரத்துல சும்மா முளைக்கறதைக் கடையிலே வாங்கறவ நீ ஒருத்திதான். ராமுவுக்குக் காட்டணும்னா செண்டுமல்லி போடு. கண்ணை அடிக்கற மாதிரி மஞ்சளா நிக்கும்" என்றேன்.

"செண்டுமல்லி வருஷா வருஷம் லாரியிலே வந்து எறங்கறது, நீலா. தும்பை எந்த லாரியிலே வரும்? போன ஓணத்துக்கு ஒரு பிடி தும்பைக்கு எங்கெல்லாம் அலைஞ்சேன், ஒனக்கு ஓர்மை இல்லையா? மட்டுமில்லே, சுண்ணாம்பு மண்ணிலே இதுதான் வரும்னு அந்தப் பொண்ணு சொன்னா."

விதைகள் எறும்புக்கண் அளவுதான் இருந்தன. உலர்ந்த மணலோடு கலந்து வீச வேண்டும் என்று பொதியில் எழுதியிருந்தது. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் ஒரு காலையில் மன்னி வாளியில் மணலும் விதையும் கலந்து எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் மாடியிலிருந்து மேற்பார்வை. அவள் விரல் நுனியில் துளி எடுத்து, குனிந்து, கோலப்பொடி விடுகிற மாதிரி கோடு கோடாக விட்டுக்கொண்டே போனாள். "இழைக்கோலமா போடறே? கை நெறைய அள்ளி வீசு" என்று கத்தினேன். "கை கேக்கமாட்டேங்கறது" என்றாள். அரை மனை கோலமாகவும், என் சத்தம் பொறுக்காமல் மீதி வீச்சாகவும் விதைத்து முடித்தாள்.

சாயங்காலம் பொதியின் பின்பக்கத்தை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினாள். மலையாளத்தில் தெளிவாக எழுதியிருந்தது: நிலம் மெலிந்தே இருக்கட்டும், உரம் எதுவும் போட வேண்டாம்.

அண்ணாவின் பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. "உரம் வேண்டாமா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவன் மனசு எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். வேலை பார்த்த காலம் முழுவதும் ஏலூரில் ஓர் உரக் கம்பெனியில் இருந்தவன். செடி என்றால் பசி, பசி என்றால் உரம். அவன் போட்ட யூரியாவில் எங்கள் கறிவேப்பிலை என் மாடி ஜன்னல்வரை வந்து எட்டிப் பார்க்கிறது. செடி என்று இல்லை, யாருடைய வயிறும் காலியாக இருந்தால் அவனுக்குத் தாங்காது. கலியாணங்களில் பரிமாற நின்றான் என்றால், இலையை மூடினவருக்கும் திறந்து ஒரு கரண்டி போட்டுவிட்டுத்தான் நகர்வான். பேசத் தெரியாதவன், போடத்தான் தெரிந்தவன்.

மழை வந்தது. முளையும் வந்தது. கோலம் போட்ட பாதியில் வரிவரியாக இரண்டிரண்டு இலைகள். மன்னி தினமும் போட்டோ எடுத்து ஸாதனாவுக்கு அனுப்புவாள். புனேயில் அந்தப் பெண் மீட்டிங்கில் இருக்கும்போது தும்பைக்கன்றின் படங்களாக வந்து விழும். "அம்மா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று அவள் எழுதினால், "நன்னா பாரு, நேத்திக்கு ரெண்டு இலை, இன்னிக்கு நாலு" என்று பதில் போகும். மன்னி அந்த மாதங்களில் பாடிக்கொண்டே சமைத்தாள். சுருதி சேராது, ஆனால் ரசம் நன்றாக இருந்தது.

ஆனி முடியும்போது விஷயம் கோணலாகப் போனது. பூச்செடிகள் நின்ற இடத்தில் புல் எழும்பியது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், கர்க்கடகம், அதாவது ஆடி, பாதியானபோது மன்னியின் இடுப்பளவு. கரும்பச்சையாக, கொழுத்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. கீழே இருந்த தும்பையும் முக்குற்றியும் எங்கே போயின என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பாம்பு வரும் என்றார்கள். ராமபத்ரன் ஒரு நாள் அந்த வழியாகப் போனவன், காரை நிறுத்தாமல் கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்த்துவிட்டுப் போனான். அது மன்னியை மிகவும் கலக்கிவிட்டது.

திருச்சூர்ப் பெண்ணைப் போனில் கூப்பிட்டாள். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "சேச்சி, வளம் எதெங்கிலும் இட்டோ?" உரம் ஏதாவது போட்டீர்களா என்றுதான். மன்னி, குருவாயூரப்பன்மேல் ஆணையாக ஒரு துளி போடவில்லை என்றாள். அப்படியானால் எனக்கும் புரியவில்லை என்றாள் அவள்.

அன்று மன்னி பாடவில்லை. மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். "நீலா, எனக்கு பயமா இருக்கு. அந்தத் தகரம் வந்தா மறுபடி பகல்லே லைட்டைப் போட்டுண்டு நிக்கணும். முன்னே தெரியாம இருந்தேன், அதனாலே முடிஞ்சுது. வெயிலைப் பாத்தப்பறம் என்னாலே முடியாது." அவள் கலங்கி நான் பார்த்தது குறைவு. சமாதானம் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் அந்தத் திருச்சூர்ப் பெண்ணைத் திட்டினேன்.

மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. காப்பியோடு மாடி வராந்தாவில் நின்று மனையைப் பார்த்தேன். கீழே நிற்பவர்களுக்குத் தெரியாதது மேலிருந்து தெரிந்தது. புல் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் வளரவில்லை. மனையின் மூன்று ஓரங்களிலும் கரும்பச்சை அரைவட்டங்கள், ஒன்றை ஒட்டி ஒன்று, வரிசையாக. ஒருவர் ஓரத்தில் நின்று, கையை வீசி, இரண்டடி தள்ளி நின்று மறுபடி வீசினால் எப்படி விழுமோ அப்படி. மேற்கு மூலையில் மட்டும் புல் மெலிந்து வெளிறிக் கிடந்தது. அங்கே செங்கல் குவியல். முழங்கால் வலி உள்ளவர்கள் அங்கே போக முடியாது. எங்கள் வீட்டில் முழங்கால் வலி ஒருவனுக்குத்தான்.

சரித்திரம் நடத்தினவளுக்கு இதற்குமேல் ஆதாரம் வேண்டாம். கீழே இறங்கினேன். அண்ணா காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, யூரியாவா, காம்ப்ளெக்ஸா?"

டம்ளர் பாதி வழியில் நின்றது. "யூரியா" என்றான். "கொறச்சுதான்."

"எத்தனை தரம்?"

"அவ குளிக்கப் போற நேரமா பாத்து... மழை விடும்போதெல்லாம்."

மன்னி வடிகட்டியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் விடவில்லை. "பொதியிலே எழுதியிருந்துதே. அவ உரக்கப் படிச்சாளே. நீ கேக்கலையா?"

"கேட்டேன்" என்றான். டம்ளரைக் கீழே வைத்தான். "ரெண்டு இலை விட்டுண்டு, மெலிஞ்சு, வெளுத்து நின்னுது, நீலா. பட்டினி போடச் சொன்னா எப்படி? பாத்துண்டு சும்மா இருக்க என்னாலே முடியலே. கற்பகத்தோட பூவாச்சே. நன்னா வரட்டும்னுதான் போட்டேன்."

நான் அவனை ஒரு வாங்கு வாங்கத் தயாராக மூச்சை இழுத்தேன். அதற்குள் மன்னி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கலியாணப் பந்தி மாதிரி பரிமாறியிருக்கார், நீலா" என்றாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு அந்தக் கண்ணீர் நிற்கவில்லை. பிறகுதான் அது அழுகை என்று எங்களுக்குத் தெரிந்தது. அண்ணா எழுந்து நின்றான், என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

அன்று முழுவதும் மன்னி அவனோடு பேசவில்லை. தோசை மட்டும் கேட்காமலே விழுந்துகொண்டிருந்தது. அவள் பேசாத வீடு எப்படி இருக்கும் என்று நாங்கள் அன்றுதான் அறிந்தோம். பால் கொண்டு வந்தவன் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனான்.

அவளுக்குக் கோபம் ஒரு நாளுக்குமேல் தாங்காது. மறுநாள் காலையில் திருச்சூருக்குப் போன் போட்டு, குருவாயூரப்பனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுவிட்டதாக முதலில் சொல்லி, பிறகு உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்து முடித்துவிட்டு வழி சொன்னாள். புல்லை அடியோடு ஒட்ட அறுக்க வேண்டும். அறுத்ததை அங்கேயே போட்டால் அழுகி மறுபடி உரமாகிவிடும், அதனால் ஒரு இலை விடாமல் வெளியே கொண்டுபோக வேண்டும். மண்ணில் ஏறின கொழுப்பு அப்படித்தான் இறங்கும். அத்தத்துக்குள் எல்லாம் பூக்குமா என்று மன்னி கேட்டாள். கொஞ்சம் பூக்கும், மற்றதெல்லாம் அடுத்த வருஷம்தான் என்று பதில் வந்தது.

அத்தனை புல்லை யார் கொண்டுபோவார்கள்? மாநகராட்சியில் வேலை பார்க்கும் ராசப்பன் நினைவுக்கு வந்தான். பள்ளுருத்தியில் இருக்கிறான், வீட்டில் ஆடு வளர்க்கிறான். என்னிடம் படித்தவர்களில் ஒருவன், ஒழுங்காகப் படிக்காதவர்களில் ஒருவன். மன்னி தெருவில் பார்த்து நிறுத்திக் கேட்டாள். அவன் வந்து மனையைப் பார்த்துவிட்டு, "எந்தா மாமி இது, ஆட்டுக்குன்னு நட்ட மாதிரி இருக்கே. எங்க வீட்டுல சுமாகிட்ட சொன்னா நம்பமாட்டா" என்றான். சுமா அவன் மனைவி. ஞாயிற்றுக்கிழமை இருவருமாக அரிவாளோடும் ஒரு சரக்கு ஆட்டோவோடும் வந்துவிட்டார்கள்.

அண்ணாவும் இறங்கினான். முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு, ஒரு அரிவாளை வாங்கிக்கொண்டு, யார் சொல்லியும் கேட்காமல். புல்லைப் பிடித்து மெதுவாக விலக்கி, உள்ளே ஏதாவது பூச்செடி இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு அடிபடாமல் அறுத்தான். ராசப்பன் மூன்று கட்டு கட்டும் நேரத்தில் இவன் ஒரு பிடி அறுத்திருப்பான். "சாரே, இப்படிப் போனா கிறிஸ்துமஸ் வந்துடும்" என்றான் ராசப்பன். அண்ணா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. நான் மாடியிலிருந்து ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். அந்த மனுஷன் மண்டியிட்டு ஒவ்வொரு தும்பையாகத் தேடுவதைப் பார்த்ததும் சொல்ல வந்தது போய்விட்டது.

மாலையில் மேற்கு மூலை வரை போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அறுக்கவே ஒன்றும் இல்லை. செங்கல் இடுக்கிலும் சுண்ணாம்பிலும் தும்பை தழைத்து நின்றது. அடியில் முக்குற்றி, பக்கத்தில் விஷ்ணுகிராந்தி தரையோடு படர்ந்து நீலமாகப் பூத்திருந்தது. ராசப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணா செங்கல்மேல் ஏறிப் போய் நின்றான். "நான் போடாத எடத்துலதான் வந்திருக்கு" என்றான். குரலில் வருத்தமா, ஆச்சரியமா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னி அவன் பக்கத்தில் போய் நின்றாள். பேச்சு அங்கே மறுபடி தொடங்கியது.

அத்தத்தன்று காலையில் ராமபத்ரன் சொன்னபடி வந்தான். மூலையில் தும்பை வெள்ளையாகப் பூத்துக் குலுங்கியது, உண்மைதான். ஆனால் மீதி மனை அறுத்த புல்லின் கட்டைதான். நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைதூக்கின தும்பைகள். நாலு பேர் பூந்தோட்டம் என்று சொல்லமாட்டார்கள். நான் ஒருத்தி பொய் சொல்லத் தயாராக இருந்தேன், மற்ற மூவருக்கு எங்கே போவது?

ராமபத்ரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான். "கற்பகம், மூலையிலே கொறச்சு இருக்கு. வாஸ்தவம்தான். ஆனா நம்ம பேச்சு இப்படி இல்லையே."

இப்போது மன்னி கேட்பாள் என்று நான் காத்திருந்தேன். எத்தனை பேரிடம் எத்தனை கேட்டவள். அவள் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்தது அவள், கெடுவும் முடிந்தது. "நீங்கோ சொன்னது நியாயம், ராமு அண்ணா" என்று மட்டும் சொன்னாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "காப்பி குடிச்சுட்டுப் போங்கோ" என்று உள்ளே திரும்பினாள்.

"ராமு."

குரல் யாருடையது என்று முதலில் எனக்கே விளங்கவில்லை. அண்ணா பேசினான்.

"புல்லு வந்தது என்னாலேதான். யூரியா போட்டது நான். அவ வேண்டாம்னு சொன்னதை அவளுக்குத் தெரியாம செஞ்சேன். அவ மேலே தப்பில்லே. அந்த மூலையைப் பாரு, நான் கை வைக்காத எடம். நான் சும்மா இருந்திருந்தா முழுக்க அப்படி இருந்திருக்கும்." நிறுத்தினான். உதட்டை நனைத்துக்கொண்டான். "இன்னும் ஒரு மழைக்காலம் விட்டுக் குடு. நான் கேக்கறேன்டா. ஒன்கிட்ட கேக்கறேன். இல்லேன்னு சொல்லாதே."

ராமபத்ரன் அவனையே பார்த்தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்தில்கூட ஒரு பென்சில் கேட்டிருக்கமாட்டான் இவன். காது இரண்டும் சிவந்து, வியர்த்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்பதும் தெரியாமல் நின்றான்.

"சரி, விட்டா நீ என்ன செய்வே?" என்றான் ராமபத்ரன்.

"ஒண்ணும் செய்யமாட்டேன்."

"அது ஒன்னாலே முடியுமாடா?"

"கஷ்டம்தான்" என்றான் அண்ணா. "ஆனா செய்யாம இருப்பேன்."

ராமபத்ரன் சிரித்துவிட்டான். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "அடுத்த ஓணம் வரைக்கும் தகரத்தைப் பத்திப் பேசலே, போ" என்றான். பிறகு அடை இருக்கிறதா என்று விசாரித்தான். இருந்தது. நாலு தின்றான்.

அவன் போன பிறகு நான் சமையலறைக்குப் போனேன். மன்னி ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள், அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன். வெளியில் நடந்த பேச்சு அத்தனையும் அங்கே நின்று கேட்டிருக்கிறாள். கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன, வாய் மட்டும் சிரித்தது.

"நீலா, எனக்காக அவர் வாயைத் திறந்து ஒருத்தர்கிட்ட கேட்டார். நீ கேட்டியோ?" என்றாள். "இனிமே அந்தத் தகரத்தை நாளைக்கே கொண்டுவந்து வச்சாலும் எனக்கு ஒண்ணும் இல்லை."

ராமபத்ரனின் கார் இன்னும் தெருமுனை திரும்பவில்லை.

"மெள்ளப் பேசு" என்றேன். "அவன் காதுல விழுந்து வைக்கப் போறது."